பிஸ்மிக்கு முந்திய வெடி

அந்தத் துவக்கை ஹாஜா மைதீன் ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஆசைப்பட்டவன் அவனுடைய மனைவி லைலாவின் அண்ணன் பக்கீர் முகைதீன். மெல்பேர்ன் டண்டினாங்கில் ஹலால் இறைச்சிக் கடை வைத்திருந்த பக்கீருக்கு ஆடும் மாடும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதாம். கிப்ஸ்லாண்ட் மலைக்காட்டில் மரை, அதுதான் அந்தப் பெரிய சாதி மான், கூட்டம் கூட்டமாகத் திரிகிறது, ஊரில் களவாக மட்டும் தின்ற இறைச்சி இங்கே சட்டப்படி கிடைக்கிறது, நாம் ஃபிரீசர் ஆட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறோமே என்று மச்சானின் காதில் ஓதிக்கொண்டே இருந்தான். ஆனால் சர்க்கரை வியாதியில் அவனுக்கு ஒரு கண் மங்கல், குறி பார்க்க முடியாது. ஆகவே லைசென்ஸ் எடுக்க வேண்டியவன் ஹாஜா, வெடி வைக்க வேண்டியவன் ஹாஜா. கத்தி மட்டும் பக்கீருடையது.

போதாக்குறைக்கு பக்கீரின் தாய் சாரா உம்மாவும் வாயைத் திறந்தார். மகள் வீடென்று கிரான்பர்னில் ஹாஜாவோடுதான் அவர் இருந்தார். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, மரை இறைச்சி தின்று எவ்வளவு காலம், ருசிகூட மறந்துபோச்சு என்றார். ஏதோ பேச்சுக்குச் சொன்னதுதான். பக்கீருக்கு அது போதும். லைசென்ஸ் கைக்கு வந்த கிழமையே ஹாஜாவைத் துவக்குக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான். 2004ஆம் ஆண்டு, இலையுதிர் காலம்.

மலிவு என்ற சொல்லைக் கேட்டால் நம் ஆட்களுக்குக் கண்ணும் காதும் அடைத்துவிடும். கடையில் நல்ல துவக்குகள் வரிசையாக நின்றன. பக்கீர் அவற்றைப் பார்க்கவே இல்லை. கோடியில், யார் வாயிலும் பேர் நுழையாத ஒரு கம்பனியின் புதுச் சரக்கு, அறிமுக விலை என்று சிவப்பு அட்டை தொங்க நின்றது. அதைத்தான் தூக்கினான். இரும்பு இரும்புதான் மச்சான், பேருக்கு ஏன் காசு என்றான். ஹாஜாவுக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை. அவன் வேலை பார்த்தது கார்க் கதவுப் பூட்டுச் செய்யும் ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் சரக்கைச் சோதிக்கும் மேசையில். அவசரமாகச் செய்த சாமானைக் கையில் எடுத்த உடனே அவனுக்குத் தெரிந்துவிடும். இது அவசரத்தில் பிறந்தது. ஆனாலும் மச்சானின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதன் லட்சணம் தெரிந்தது. தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட், மணலில் இழுத்த பெட்டி மாதிரிக் கரகரத்தது. மேகசின் சும்மா தொட்டாலே கழன்று காலில் விழுந்தது. குழாயைக் கட்டையோடு பிடிக்கும் திருகாணிகள் அரைத் திருகில் நின்றன. கட்டையோ ஒரு பக்கம் வளைந்து குழாயில் உரசியது. பக்கீர் இதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. ஞாயிறு பின்னேரங்களில் ஹாஜாவின் கராஜில் உட்கார்ந்து, உப்புத்தாளால் கட்டையைத் தேய்ப்பதும் மேகசினின் கொளுவியை அரத்தால் ராவுவதுமாக இருவரும் அதைப் பாதி மறுபடி செய்தார்கள். லைலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, இதுக்கு ஒரு துவக்க நீங்களே செஞ்சிரிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த ஞாயிறுகள் நல்ல ஞாயிறுகள்தான். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கோணல் துவக்கு இல்லாவிட்டால் மச்சான்மார் இருவரும் அவ்வளவு சிரித்திருக்க மாட்டார்கள்.

இத்தனையும் கண்ணுக்குத் தெரிந்த குறைகள். தெரியாத ஒன்று உள்ளே இருந்தது.

கிப்ஸ்லாண்டில் ஒரு வெள்ளைக்காரனின் பண்ணை. மரைகள் வேலியை உடைத்துப் புல்லை மேய்ந்துவிடுகின்றன என்று, வந்து சுடுங்கள் என அனுமதி கொடுத்திருந்தான். மே மாதக் கடைசி, விடிகாலை, புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஹாஜா தரையில் படுத்துத் தோட்டாவை ஏற்றினான். சேஃப்டி என்று பின்பக்கம் ஒரு சின்னப் பித்தான். அதை முன்னால் தள்ளினால்தான் விசை வேலை செய்யும். தள்ளினான். விரல் விசைக்குப் போகவே இல்லை. துவக்கு வெடித்தது. முன்னால் இருந்த மண் பறந்தது. பக்கீர் முதலில் திடுக்கிட்டான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“துவக்கு என்ன மச்சான் செய்யும்? உங்கட விரலுக்குத்தான் பொறுமையில்ல.”

விரல் வெளியில் நின்றது என்று ஹாஜா சத்தியம் செய்தான். குளிரில் விரைத்த விரல், எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாது என்று பக்கீர் சொன்னான். அதற்குப் பிறகு நடந்த வெடிகள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அடுத்த முறை போனபோது, அதே மாதிரி விடிந்தும் விடியாத பனியில், மறுபடியும் அதே கூத்து. இந்த முறை ஹாஜா சிரிக்க இடம் வைக்கவில்லை. நேரே கடைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தான்.

கடைக்காரன் சேஃப்டியைத் தள்ளினான், இழுத்தான், துவக்கின் அடியை ரப்பர் விரிப்பில் குத்திக் குத்திப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஹாஜாவின் முகத்தையும் அவன் பேசும் இங்கிலீசையும் அளந்து பார்த்துவிட்டு, புது ஆட்களுக்கு இப்படி நடப்பது சகஜம் என்றான். ஹாஜா விடவில்லை. கடைசியில் கடைக்காரன் அதை இறக்குமதிக்காரனுக்கு அனுப்பச் சம்மதித்தான். பல கிழமை கழித்துத் துவக்கு திரும்பி வந்தது. விசைக் காவலில் பச்சை அட்டை ஒன்று தொங்கியது. நோ ஃபால்ட் ஃபவுண்ட். குறை எதுவும் காணப்படவில்லை.

அந்த அட்டையை ஹாஜாவுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய மேசையிலும் அதே மாதிரி ஒரு கட்டு இருந்தது. சிக்குகிறது என்று திரும்பி வரும் பூட்டை நாலு தரம் திறந்து பூட்டிப் பார்ப்பான். சிக்கவில்லை என்றால் அட்டை. சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது என்றால் ரெண்டு தரம் பார்த்துவிட்டும் அட்டை. அந்தப் பச்சைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்த மனிதன். அப்படியிருந்தும் நம்பினான். கராஜில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, தோட்டா இல்லாமல் சேஃப்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். விரல் நோகும்வரை பார்த்தான். சமர்த்துப் பிள்ளையாக இருந்தது சனியன். பார்த்தீங்களா, விரல்தான் எண்டு நான் அண்டைக்கே சொல்லல்லயா என்று பக்கீர் கேட்டபோது, ஹாஜாவுக்கே தன் விரலில் சந்தேகம் வந்துவிட்டது. அப்போதுதான் அந்தத் துவக்கை உடைத்து எறிந்திருக்க வேண்டும். என்ன செய்ய, நம்பத்தானே பச்சை அட்டை அடிக்கிறார்கள்.

இனி அவர்கள் வேட்டையாடிய முறையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

வெடிக்கும் நேரம் அல்லாஹ்வின் பேரால் என்று பிஸ்மி சொன்னால், வெடியிலேயே விழுந்தாலும் இறைச்சி ஹலால்தான். ஆனால் பக்கீர் இறைச்சிக் கடைக்காரன், அவனுக்கு அது போதாது. உயிர் இருக்கும்போதே போய்க் கழுத்தில் கத்தி வைத்தால்தான் அவன் மனம் ஆறும். ஆகவே ஹாஜா மேட்டில் துவக்கோடு படுத்திருப்பான். பக்கீர் பள்ளத்தில் மரை கடக்கும் பாதைக்குக் கிட்ட, விழுந்து கிடக்கும் பெருமரத்தின் பின்னால் கத்தியோடு இருப்பான். ரெண்டு பேரிடமும் சின்ன வோக்கி டோக்கி, பக்கீரின் காதில் அதன் குமிழ். ஹாஜா அதில் மெதுவாக, பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று சொல்வான். அது காதில் விழுந்ததும் பக்கீர் மரத்தின் பின்னால் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். உடனே வெடி. பிறகு துவக்கைப் பூட்டிவிட்டு ஹாஜா அல்ஹம்துலில்லாஹ் என்பான். அதைக் கேட்டதும் பக்கீர் எழும்பி ஓட வேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் தூரத்திலேயே கண்ணில் படும் சிவப்புத் தொப்பியை நம்பினார்கள். இவர்கள் பிஸ்மியை நம்பினார்கள். பிஸ்மி இல்லாமல் வெடி இல்லை என்பது அவர்களுக்குள் சட்டம்.

இன்னொன்றும் உண்டு. பிஸ்மிக்கும் வெடிக்கும் நடுவில் வேறொரு வேலை இருக்கக் கூடாது என்பது பக்கீரின் பிடிவாதம். பிஸ்மி சொல்லிவிட்டு நின்று பித்தானைத் தேடிக்கொண்டிருந்தால் அந்தப் பிஸ்மி எதற்குச் சொன்னது என்று கேட்பான். ஆகவே முதலில் சேஃப்டியைத் தள்ளிவிட்டு, பிறகு பிஸ்மி, அந்த மூச்சிலேயே விசை. நியாயமான பேச்சு. ஹாஜாவும் சரியென்று பழகிக்கொண்டான்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. பொழுது விடிந்து சற்று நேரம். பள்ளம் முழுக்க உறைபனி, காலடியில் புல் நொறுங்கியது. காத்திருந்து காத்திருந்து விரல்கள் மரத்துப்போன நேரம், ஒரு பெண் மரை மரங்களுக்குள்ளிருந்து வந்தது. நல்ல பெரியது. நின்றது, நடந்தது, மறுபடி நின்றது. ஹாஜா குறி பார்க்கும் கண்ணாடி வழியே அதன் பின்னாலேயே துவக்கின் முனையை நகர்த்திக்கொண்டு போனான். பெருமரம் எங்கே என்று அவனுக்குத் தெரியும், அது இடப்பக்கம், தள்ளி. ஆனால் பக்கீர் மரத்தின் பின்னால் இல்லை. அங்கிருந்து மரை தெரியவில்லை போலும். பிஸ்மிதான் இன்னும் வரவில்லையே என்று, குனிந்தபடி அடுத்த புதருக்கு மாறிக்கொண்டிருந்தான். பிஸ்மி வந்திருந்தால் இருந்த இடத்திலேயே படுத்திருப்பான்.

ஹாஜா வோக்கி டோக்கியை வாய்க்குக் கிட்ட வைத்துக்கொண்டு சேஃப்டியைத் தள்ளினான். வாயைத் திறக்கவில்லை. விரல் வெளியில் நின்றது. துவக்கு வெடித்தது.

மரை பாய்ந்து ஓடிவிட்டது. அதன் பிறகு கேட்டது பக்கீரின் குரல்.

தொடையில் பட்டிருந்தது. மரைக்கென்று செய்த தோட்டா மனிதத் தொடையில் என்ன செய்யும் என்று எழுத எனக்கு மனமில்லை. ஹாஜா தன் பெல்ட்டால் இறுக்கிக் கட்டினான், சட்டையைக் கழற்றித் திணித்தான், அழுதான், மச்சானைத் தோளில் இழுத்துக்கொண்டு வாகனத்துக்கு வந்தான். போனுக்கு அங்கே சிக்னல் இல்லை. பண்ணை வீட்டுக்குப் போனால்தான் ஆம்புலன்சைக் கூப்பிடலாம். குண்டும் குழியுமான பாதையில் ஓட்டிக்கொண்டே, யா அல்லாஹ் நான் தொடல்ல, தானா வெடிச்சிட்டு என்று புலம்பினான். பக்கத்தில் சாய்ந்திருந்த பக்கீர் கையை நீட்டி அவன் முழங்கையைப் பிடித்தான்.

“எனக்குத் தெரியும் மச்சான். நீங்க பிஸ்மி சொல்லல்ல. பிஸ்மி சொல்லாம நீங்க வெடி வெக்க மாட்டீங்க.”

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பேசினான்.

“பொலிசு கேட்டா துவக்கு பிழையெண்டு வாயத் துறக்காதீங்க. பிழையெண்டு தெரிஞ்சும் கொண்டு வந்தவன் எண்டு உங்களப் புடிச்சி உள்ள போட்ருவானுகள். லைலாவையும் புள்ளைகளையும் யாரு பாக்குற? நீங்க பிஸ்மி சொன்னீங்க. நான்தான் கேட்டும் எழும்பினன். அவ்வளவுதான் கதை.”

“நான் சொல்லல்லயே மச்சான்.”

“சொன்னீங்க. நான் கேட்டனான்.”

மெல்பேர்ன் ஆஸ்பத்திரியில் கால் தப்பிவிட்டது என்றார்கள். ரெண்டாம் நாள் பக்கீர் எழும்பிச் சாய்ந்து உட்கார்ந்து, இறைச்சிக் கடையை யார் திறந்தது என்று கேட்டான். பொலிஸ் வந்தபோது சொன்னபடியே சொன்னான். தங்கள் வழக்கத்தை விளக்கினான், மச்சான் குறிச்சொல்லைத் தெளிவாகச் சொன்னார், நான்தான் மரையைப் பார்க்கிற ஆசையில் எழும்பிவிட்டேன், தவறு என்னுடையது என்றான். ஹாஜாவிடம் கேட்டபோது அவனும் தலையை ஆட்டினான். எழுதிக் காட்டினார்கள், கையெழுத்து வைத்தான். மச்சான் பிழைத்தால் போதும், யார் மேல் பிழை என்றால் என்ன என்று இருந்தது அவனுக்கு. பக்கீர் அவனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான்.

அந்தக் கிழமைக்குள் பக்கீர் மவுத்தாகிவிட்டான். காலில் உறைந்த இரத்தக் கட்டி நெஞ்சுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள். காலையில் கஞ்சி கேட்டவன், கொண்டு போனபோது இல்லை.

ஜனாஸா அடக்கி முடிந்து வீடு அடங்கிய பிறகுதான், தான் எதில் கையெழுத்து வைத்தோம் என்பது ஹாஜாவுக்கு உறைத்தது. உயிரோடு இருந்த மச்சான் சொன்ன பொய் மச்சான்மாருக்கிடையே ஒரு உதவி. அதைப் பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே திருத்தியிருக்கலாம். மவுத்தான மச்சானின் பொய்யை யார் திருத்துவது? யாரும் அவனை ஏசவில்லை. புருசன் மவுத்தானவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா முடிந்து வெளியே வந்த பக்கீரின் மனைவிகூட, அவருக்கு எப்பவும் அவசரம்தானே என்று தன் புருசனைத்தான் குறை சொன்னாள். ஊர் முழுக்க, பாவம் பக்கீர், கண்ணும் தெரியாது காதும் கேளாது, அவசரத்தில் எழும்பிட்டார் என்றது. காது நன்றாகத்தான் கேட்டது என்று கத்த வேண்டும் போல் இருந்தது ஹாஜாவுக்கு. வேலைக்குப் போனான். பச்சை அட்டையை இனித் தொட முடியாது என்று, வேறு பகுதிக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டான்.

இரண்டு தரமும் உறைபனி என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் தரமும் உறைபனி. உள்ளே எதுவோ குளிரில் இறுகி, தள்ளும்போது நழுவுகிறது. கடையில் ஹீட்டர், இறக்குமதிக்காரன் பட்டறையில் ஹீட்டர், தன் கராஜிலும் ஹீட்டர். கதகதப்பில் அது குறை காட்டாது. இதைச் சொல்ல வேண்டிய இடம் பொலிஸ். ஆனால் பொலிசில் அவன் கையெழுத்து வேறு கதைக்குக் கீழே கிடந்தது.

மறு வருடம் ஜூன் மாதம், மரண விசாரணை செய்த கொரோனரின் முடிவு வந்தது. துவக்கைச் சோதித்துப் பார்த்தார்கள், பழுதில்லை. இறந்தவரின் வாக்குமூலமும் அதைத்தான் காட்டுகிறது. விபத்து. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஹாஜா நேரே துவக்குக் கடைக்குப் போனான். என்ன சொல்லப் போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. கோடியில் அதே கம்பனிச் சரக்கு, இப்போது இன்னும் மலிவு என்று புது அட்டை. ரெண்டு வெள்ளைக்காரப் பொடியன்மார், அண்ணன் தம்பி, முகத்திலேயே தெரிந்தது, அதில் ஒன்றைத் தோளில் வைத்துக் குறி பார்த்து ஒருவனையொருவன் நக்கலடித்துக்கொண்டிருந்தார்கள். ஹாஜா நேரே அவர்களிடம் நடந்தான். போய் நின்று, இதை வாங்காதீர்கள், குளிரில் தானாக வெடிக்கும், என் மச்சான் செத்துப்போனான் என்று சொன்னான். அவர்கள் கடைக்காரனைப் பார்த்தார்கள். கடைக்காரன் கெட்டவன் இல்லை. ஹாஜாவை ஞாபகம் வைத்திருந்தான், தோளில் கை போட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தான். பேப்பரில் படித்தேன், பொலிஸ் சோதித்து நல்லது என்று சொல்லிவிட்டது, உன் மச்சானே உன் மேல் பிழையில்லை என்று சொல்லிவிட்டார், இனியும் உன்னை நீயே வதைக்காதே என்றான். ஹாஜா காருக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பொடியன்மார் நீளமான பெட்டியோடு வெளியே வந்தார்கள்.

அன்றைக்கு அவனுக்குப் பொறுக்கவில்லை. குசினியில் லைலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். பக்கீரின் பேரில் ஓதும் வருசக் கத்தம் முடிந்த மறுநாள் பொலிசுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன், பொய்க் கையெழுத்துக்கு உள்ளே போட்டாலும் போடட்டும், அந்தச் சாமானைக் கடையிலிருந்து எடுக்க வைக்க வேண்டும் என்றான். லைலா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“தண்ணி குடிக்கக்கூட பிஸ்மி சொல்லாம குடிக்காத மனிசன் நீங்க. வெடிக்கு மட்டும் சொல்லாம உட்டீங்களா?”

“சொல்லுறத்துக்கு முந்தி வெடிச்சிட்டு லைலா.”

“அப்ப எங்கட காக்கா பொய் சொல்லிட்டா மவுத்தானவர்?”

உன் அண்ணன் உனக்காகவும் பிள்ளைகளுக்காகவும்தான் சொன்னார் என்று ஹாஜா சொன்னான். லைலா கத்தியை எடுத்தாள். வெங்காயத்தை வெட்டினாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி வெட்டினாள். குசினிக்கு அடுத்த அறை சாரா உம்மாவுடையது. அதன் கதவு சாத்தியிருக்கவில்லை என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

வருசக் கத்தத்தன்று காலையில் கிரான்பர்னில் கார்க் கண்ணாடிகளைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு உறைபனி. பகல் ஆட்கள் வந்து கத்தம் ஓதினார்கள். சஹன் என்கிற பெரிய தட்டுகளில் சோறு போட்டுக்கொண்டிருக்கும் நேரம், சாரா உம்மா மருமகனை அறைக்குள் கூப்பிட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் தஸ்பீஹ், ஆனால் மணி நகரவில்லை. ஒரு வருடத்தில் பாதியாய்ப் போயிருந்தார். மரை கேட்டது தான்தானே என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

“மகன், ஒண்டு கேக்கன். மறைக்காம சொல்லுங்க. அண்டைக்கு நீங்க பிஸ்மி சொன்னீங்களா?”

அவர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்ட புள்ள கடைசியாப் பேசின பேச்சு அது. அது பொய்யெண்டா, பொய்ய வாயில வெச்சிக்கிட்டா அவன் ரப்புக்கிட்ட போயிரிக்கான்? இந்த ஒரு வருசமும் அந்த வார்த்தையப் புடிச்சிக்கிட்டுத்தான் நான் தொழுறன்.”

உண்மை தொண்டைவரை வந்து நின்றது. அந்த ரெண்டு பொடியன்மாரும் வந்து நின்றார்கள், நீளப் பெட்டியோடு, சிரித்துக்கொண்டு. இந்தக் கிழமை முழுக்க மலைப்பக்கம் பனிதான் என்று ரேடியோவில் சொன்னதும் வந்து நின்றது. இந்தப் பக்கம் ஒரு தாய், கையை விடாமல். ரெண்டு பக்கத்தில் யாரைக் கொல்வது என்று அல்லாஹ் தன்னைக் கேட்பது போல் இருந்தது அவனுக்கு. கேட்டால் எவன்தான் பதில் சொல்வான்? ஆனால் முன்னால் இருந்தது அந்தக் கைதான்.

“ஓம் மாமி,” என்றான். “சொன்னனான்.”

சாரா உம்மா கண்ணை மூடி அல்ஹம்துலில்லாஹ் என்றார். விரலில் தஸ்பீஹ் நகர ஆரம்பித்தது. வாசலில் லைலா நின்றுகொண்டிருந்தாள். அவள் கேட்டுவிட்டாள். அவளுடைய முகத்தில் அவன் எதிர்பார்த்த நிம்மதி இல்லை. அவனை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்குக் குசினியில் அவன் சொன்னதை அவள் நம்பித்தான் இருந்தாள் என்பது அந்தப் பார்வையில்தான் அவனுக்குத் தெரிந்தது. திரும்பிக் குசினிக்குப் போய்விட்டாள். இனி நாளைக்குப் பொலிசுக்குப் போக முடியாது. நாளைக்கு மட்டுமில்லை, மாமி உயிரோடு இருக்கும் ஒரு நாளும் முடியாது.

வெளியே சஹனைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரன் பிஸ்மி சொல்லி முதல் பிடி எடுத்தால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். ஹாஜாவுக்கு இடம் விட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“பிஸ்மி சொல்லித் தொடங்குங்க ஹாஜா, சோறு ஆறுது,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

சோற்றில் கை வைத்தான். வாயைத் திறந்தான். எந்நேரமும் தானாக வருகிற சொல், நித்திரையில்கூட வருகிற சொல், அன்றைக்கு வரவில்லை. நாக்கு எழும்பவே இல்லை. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். மச்சானின் ஞாபகம் வந்துவிட்டது போல, பாவம் என்று ஒருவர் இரக்கப்பட்டுத் தானே பிஸ்மி சொல்லிச் சாப்பிடத் தொடங்கினார். மற்றவர்களும் தொடங்கினார்கள். ஹாஜாவின் பக்கத்துச் சோறு கடைசிவரை அப்படியே இருந்தது.